ரியர் ஸ்பீக்கர் ஏன் பாடவில்லை? ஹோம் தியேட்டர் கேள்வி பதில்

வேலூரில் 20 வருடங்களாக ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் சர்வீஸ் செய்கிறேன். ஸ்பீக்கர் அமைப்பதில் சந்தேகம் இருந்தால் ஊர்ப் பெயரோடு கேளுங்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் ஸ்பீக்கர் ஒயரில் கை வைக்க வேண்டும். பாடிக்கொண்டிருக்கும்போது இரண்டு முனையும் உரசினால் அவுட்புட் ஐசி போய்விடும்.

காட்பாடி: அண்ணா, வீடு மாறியதிலிருந்து பேஸ் மெலிந்துவிட்டது. பாட்டில் குரல் நடுவில் நிற்காமல் எங்கோ மிதக்கிறது.

ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். ஒரு ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்பு) முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுக்கிறது, பேஸ் அடிபட்டுப் போகிறது. ஒயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். பேட்டரி பிளஸ் ஸ்பீக்கர் பிளஸ்ஸில் பட்டால் வூஃபர் (பேஸ் பாடும் பெரிய ஸ்பீக்கர்) கோன் வெளியே வர வேண்டும். உள்ளே போனால் அந்தப் பக்கம்தான் தப்பு.

சத்துவாச்சாரி: சார், 12க்கு 12 அறை. சோபா பின் சுவரை ஒட்டி. சப்வூஃபர் தென்மேற்கு மூலையில். எந்தப் படம் போட்டாலும் ஒரே 'பூம்'. சப்வூஃபரை மாற்றிவிடலாமா?

மாற்றாதீர்கள், அறைதான் காரணம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 12 அடி என்றால் 3.66 மீட்டர். போய் மோதித் திரும்ப 7.3 மீட்டர். 343ஐ அதால் வகுத்தால் 47 ஹெர்ட்ஸ். அந்த ஒரு சுரம் உங்கள் அறையில் சுவருக்குச் சுவர் நின்று ஊதுகிறது. நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு திசையிலும் அதே 47. சுவர் ஓரத்தில் அது மிக அதிகம், நட்ட நடுவில் கிட்டத்தட்ட இல்லை. நீங்கள் உட்கார்ந்திருப்பதும் சுவரோரம், சப்வூஃபர் இருப்பதும் மூலை. அப்புறம் எப்படி ஊதாமல் இருக்கும்?

சோபாவை இரண்டு அடி முன்னே இழுங்கள். பிறகு சப்வூஃபரைத் தூக்கி சோபா மேலேயே வைத்து, பேஸ் தெளிவாக உள்ள ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, காதைத் தரைப்பக்கம் தாழ்த்திச் சுவரோரமாக ஒரு சுற்று நகருங்கள். எங்கே ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறதோ அதுதான் அதன் இடம். கட் ஆஃப் (சப்வூஃபர் எந்தச் சுரம் வரை பாட வேண்டும் என்ற அளவு) 80 ஹெர்ட்ஸில் இருக்கட்டும்.

சத்துவாச்சாரி: கனமான பொருள் கன்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்கிறார் அப்பா.

பீரோவை அங்கே வையுங்கள். அப்பாவுக்கும் திருப்தி, அந்த மூலையில் சப்வூஃபரும் இருக்காது.

வாலாஜா: டிவியில் செங்குத்தாகக் கோடு விழுகிறது.

பேனல் வேலை எனக்குத் தெரியாது. டிவி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

குடியாத்தம்: உள்ளூரில் கட்டிய அசெம்பிள் 5.1 செட் அண்ணா. டிவியிலிருந்து சிவப்பு வெள்ளை பின் கொடுத்திருக்கிறேன். முன்னால் வருவதே பின்னாலும் வருகிறது. ஸ்பீக்கர் கம்ப்ளைன்ட்டா?

இல்லை தம்பி. சிவப்பு வெள்ளைப் பின்னில் வருவது இடது, வலது என்று இரண்டே சேனல். அதைத்தான் உள்ளே இருக்கும் போர்டு ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் என்று ஆறாகப் பிரித்துக் கொடுக்கிறது. நிஜமான 5.1 வேண்டுமானால் ஆப்டிக்கல் அல்லது எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ) எடுத்து, ஆறு சேனலையும் தனித்தனியாகப் பிரிக்கும் டால்பி டிகோடர் போர்டு வேண்டும். டிவி செட்டிங்கில் ஆடியோ அவுட்புட் 'பிசிஎம்' என்று இருந்தால் 'ஆட்டோ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' ஆக்குங்கள். ஆப்டிக்கலில் பிசிஎம் இரண்டு சேனலுக்கு மேல் போகாது.

ராணிப்பேட்டை: அதனால்தான் சொல்கிறேன், அசெம்பிள் செட் காசுக்குக் கேடு. ஏவிஆர் (கம்பெனி ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர்) வாங்கச் சொல்லுங்கள்.

இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரிஜினல் 5200, 1943 டிரான்சிஸ்டரும் நல்ல டிரான்ஸ்ஃபார்மரும் போட்டுக் கட்டிய செட் பல வருடம் உழைக்கும். போனாலும் நம் ஊரிலேயே பழுது பார்க்கலாம். சந்தையில் போலி 5200 நிறைய, அதுதான் சிக்கல்.

ஆம்பூர்: சரியாகச் சொன்னீர்கள். என் அசெம்பிள் செட் 5000 வாட். எந்த ஏவிஆர் தரும்?

உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் என்ன?

ஆம்பூர்: 12-0-12, 5 ஆம்பியர்.

12-0-12 என்றால் இரண்டு 12 சேர்ந்து 24 வோல்ட். அதை 5ஆல் பெருக்குங்கள். 120 வாட். மொத்தப் பெட்டிக்குள்ளும் தொடர்ந்து வரக்கூடிய சக்தி அவ்வளவுதான். ஆறு சேனலும் அதைப் பங்கு போட்டு, சூட்டில் போவது போக மிச்சம்தான் ஸ்பீக்கருக்கு. அட்டைப்பெட்டியில் போட்ட வாட்டை நம்பி வால்யூமை முழுதாகத் திருப்பினால், ஆம்ப்ளிஃபயர் அலையின் தலையை வெட்டும், முதலில் ட்வீட்டர் (உச்ச சுரம் பாடும் சின்ன ஸ்பீக்கர்) போகும்.

ராணிப்பேட்டை: ஏவிஆரில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தூரம் கொடுக்கலாமே. அசெம்பிளில் முடியுமா?

இது நியாயமான கேள்வி. ஒலி ஒரு அடி போகக் கிட்டத்தட்ட ஒரு மில்லி செகண்ட் ஆகிறது. முன்னது 10 அடியிலும் பின்னது 4 அடியிலும் இருந்தால் பின்னது 5 மில்லி செகண்டுக்கு மேல் முந்திவிடும். ஏவிஆர் அதைச் சரிக்கட்டும், சாதாரண அசெம்பிள் போர்டு செய்யாது. அந்த வசதிக்குத்தான் ஏவிஆருக்குக் காசு கொடுக்க வேண்டும், வாட்டுக்கு இல்லை.

திருப்பத்தூர்: ரியர் ஸ்பீக்கரில் தனியாக எதுவும் வரவில்லை. சிவப்பு வெள்ளை பின்.

குடியாத்தம் தம்பிக்குச் சொன்னதுதான்.

போளூர்: சார், ரியர் வரவில்லை.

எந்த ஒயரில் கொடுத்திருக்கிறீர்கள் என்று சொல்லாமல் கேட்டால் எப்படி? தயவுசெய்து மேலே படியுங்கள்.

அரக்கோணம்: கேபிள் ஒயரைச் சொருகினால் மட்டும் 'உர்ர்' என்கிறது. பிளக்கில் எர்த் பின்னை உடைத்தால் நின்றுவிடும் என்கிறார்கள்.

உடைக்காதீர்கள்! நாளைக்கு டிரான்ஸ்ஃபார்மர் லீக் ஆனால் இரும்புப் பெட்டியில் கை வைக்கும் குழந்தைக்குத்தான் ஷாக். கேபிள் லைன் வழியாக இன்னொரு எர்த் வருவதால் வரும் இரைச்சல் இது. செட்டாப் பாக்ஸ், டிவி, ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டிப் பாருங்கள். நிற்காவிட்டால் டிவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஆப்டிக்கல் போடுங்கள். அது ஒளியில் போவதால் எர்த் தொடர்பே இராது.

ஆரணி: அண்ணா, சோபாவுக்குப் பின்னால் இடமே இல்லை. ரியரை எங்கே மாட்டுவது?

பக்கச் சுவர்களில் மாட்டும்மா. டிவியை நேராகப் பார்த்து உட்கார்ந்தால் காதுக்குச் சற்றே பின்னால், 110 டிகிரி அளவில், காதை விட இரண்டு அடி உயரத்தில். ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர் போதும், பிளஸ்ஸுக்கு ஒரு நிறம் வைத்துக்கொள். ஆணி அடிக்கும் முன் ஸ்பீக்கரை ஸ்டூலில் வைத்து ஒரு படம் முழுக்கக் கேள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒயரைத் தொடு.