ரப்பர் விளையை விற்காதீர்கள், அவளை வேதியியல் படிக்க விடுங்கள்

தக்கலையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

நீட்டில் மகளுக்கு அரசு இடம் கிடைக்கவில்லை என்ற கவலை புரிகிறது. ஆனால் அவள் மாமா சொல்கிறபடி குலசேகரத்து ரப்பர் விளையை (தோட்டத்தை) விற்று வெளிநாட்டுக்கு எம்.பி.பி.எஸ். படிக்க அனுப்புவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். படித்துத் திரும்பினாலும் இங்கே தகுதித் தேர்வில் தேறினால்தான் தொழில் செய்யலாம். தேறாவிட்டால் விளையும் இல்லை, வேலையும் இல்லை. அதோடு, அவள் அதைக் கேட்கவும் இல்லை. பாட்டிக்குப் புற்றுநோய் வந்ததிலிருந்து, "திப்பிலியில இருக்கது கேன்சர் செல்லை எப்படிக் கொல்லுது?" என்றுதான் கேட்கிறாள் என நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நல்ல கேள்வி. திப்பிலியிலுள்ள பைப்பர்லாங்குமின் என்ற வேதிப்பொருளைப் பற்றி 2011-ல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை 2018-ல் திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் வேறு ஆய்வுகள் இதே கோணத்தில் தொடர்கின்றன. புற்றுநோய்ச் செல்லுக்குள் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் ஏற்கெனவே அதிகம். அவற்றை அடக்கும் குளூட்டாதயோன் என்ற பொருளை வைத்துத்தான் அது சமாளிக்கிறது. கழுத்தளவு தண்ணீரில் நிற்பவருக்கு இன்னும் ஒரு சாண் ஏறினால் என்ன ஆகும்? ஆய்வகச் சோதனைகளில் பைப்பர்லாங்குமின் அந்த ஆக்சிஜன் அழுத்தத்தைக் கூட்டுகிறது, செல் தன்னையே அழித்துக்கொள்கிறது. சாதாரணச் செல்லில் அந்த அழுத்தம் குறைவு, அதனால் தாங்கிக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. கொடிவேலி வேரிலுள்ள பிளம்பாஜின் என்ற பொருளையும் இதே கோணத்தில் ஆராய்கிறார்கள்.

பைப்பர்லாங்குமின் இன்னும் மருந்தாகவில்லை. சிகிச்சையை நிறுத்திவிட்டுப் பாட்டிக்குத் திப்பிலிக் கஷாயம் கொடுத்துவிடாதீர்கள். உடலில் எவ்வளவு நேரம் நிற்கும், எந்த அளவில் நல்ல செல்லையும் கெடுக்கும் என்று கண்டுபிடிக்க ஆள் வேண்டும். அந்த வேலையில் பெரும்பகுதி வேதியியலும் உயிர்வேதியியலும் படித்தவர்களுடையது.

நாகர்கோவிலில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. வேதியியல் சேருங்கள், சுயநிதிப் பிரிவு வேண்டாம், கட்டணம் கூடும். இரண்டாம் ஆண்டிலேயே ஜாம் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கட்டும், தேறினால் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. முனைவர் பட்டத்துக்கு உங்கள் கையிலிருந்து பெரிய பணம் போகாது. பாப்பனங்கோட்டிலுள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகமான என்.ஐ.ஐ.எஸ்.டி., ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம், பாலோட்டுத் தாவரவியல் பூங்கா என்று மூன்று ஆய்வு நிறுவனங்கள் திருவனந்தபுரம் பக்கமே இருக்கின்றன. அகத்தியமலைக் காணிப் பழங்குடி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை மூலிகையிலிருந்து 'ஜீவனி' என்ற ஊக்க மருந்து உருவானது பாலோட்டில்தான்.

இது நீண்ட படிப்பு. தேர்வுகள் கடினம், முதல் தடவையே கிடைக்கும் என்று உறுதி தர முடியாது. கல்யாண வயது போகுதே என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள், சொல்லட்டும். மாமாவுக்குப் பதில் சொல்லும் பாரத்தை அவள் தலையில் வைக்காதீர்கள். நீங்களும் அவள் அப்பாவும் போய்ப் பேசுங்கள், கல்லூரி விண்ணப்பத் தேதி முடிவதற்குள்.