கல்யாண வீட்டுக்குப் போய்வந்தால் ஏன் இவ்வளவு அசதி?

"விசேஷ வீடுகளுக்குப் போய்வந்தால் இரண்டு நாள் எழுந்திருக்க முடிவதில்லை. நான் இன்ட்ரோவர்ட். கலகலப்பாகப் பழக என்னை மாற்றிக்கொள்வது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதினைந்து வருடம் முயன்று தோற்றவள் நான். ஆனால் இப்போது கல்யாண வீடு என்றால் பயமில்லை.

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் வீட்டுக் கல்யாணங்கள் தாலி கட்டியதோடு முடிவதில்லை. மறுநாள் மறுவீட்டுச் சொதி இருக்கிறது, தேங்காய்ப்பால் குழம்பும் இஞ்சிப் பச்சடியுமாக ஒரு விருந்து. முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, "என்னை யாரென்று தெரிகிறதா?" என்று கேட்கும் ஆச்சிகள் இருக்கிறார்கள். தெரியாது என்றால் வருத்தம். தெரியும் என்றால் "எங்கே, சொல்லு பார்ப்போம்". ஒரு மணி நேரத்தில் நான் அரங்கு வீடு என்கிற உள்ளறை இருட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுவேன். படித்த திமிர் என்று பெயர் கிடைத்தது.

என் மதினி நேரெதிர். பந்தலில் அவர் குரல் கேட்காத மூலை கிடையாது. ஆனால் ஒரு சொதிச் சாப்பாட்டுக்குப் பிறகு, மாலை நான்கு மணிவாக்கில், தார்சாவில் பாயை விரித்து அவரும் அடித்துப்போட்டாற்போலத் தூங்குவதைப் பார்த்தேன். அசதி எனக்கு மட்டும் என்றல்லவா நினைத்திருந்தேன்!

பின்னால்தான் 2017-இல் வெளியான ஒரு பின்லாந்து ஆய்வைப் பற்றிப் படித்தேன். கலகலப்பாகப் பழகும் நேரத்தில் உற்சாகம் கூடுகிறது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்து அசதி வருகிறது. அகமுகர் (இன்ட்ரோவர்ட்), புறமுகர் (எக்ஸ்ட்ரோவர்ட்) இருவருக்குமே அப்படித்தானாம். (மதினி விஷயத்தில் தேங்காய்ப்பாலுக்கும் பங்குண்டு. இஞ்சிப் பச்சடி செரிமானத்தைத்தான் கவனிக்கும், தூக்கத்தை அல்ல.) வித்தியாசம் மதினி கண் விழித்த பிறகு தெரிந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். எனக்கோ யாரும் இல்லாத இடம் வேண்டியிருந்தது.

1921-இல் உளவியலாளர் கார்ல் யுங் இந்த இரண்டு சொற்களையும் விளக்கி எழுதியபோது, மனத்தின் ஆற்றல் உள்ளே திரும்புகிறதா, வெளியே திரும்புகிறதா என்பதைத்தான் பேசினார். கூச்சம் வேறு, அது பிறர் என்ன நினைப்பார்களோ என்ற பயம். எனக்கு இரண்டும் இருந்தன. பயத்தைக் குறைக்க முடிந்தது, இயல்பை முடியவில்லை.

பயத்தைக் குறைத்தது தேங்காய்தான். சிரிக்காதீர்கள். ஒரு கல்யாணத்தில் தாம்பூலப் பை போட ஆள் இல்லை என்று என்னை உட்கார வைத்தார்கள். தேங்காய், வெற்றிலை, பாக்கு, மஞ்சள் என்று நானூறு பை. வந்தவர்கள் பக்கத்தில் குந்தி, நாலு வார்த்தை பேசி, இரண்டு தேங்காயை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பேச்சு தீர்ந்தால் எண்ணிக்கை இருக்கிறது. எங்கே நிறுத்துவது என்ற தவிப்பே இல்லை. அன்று சித்தி ஒருத்தி தன் இளமைக்காலக் கதையை ஒரு மணி நேரம் சொன்னாள்; எனக்குக் களைப்பே தெரியவில்லை. கூட்டத்தில் நூறு பேரிடம் "சௌக்கியமா" கேட்பதுதான் என்னைக் கரைக்கிறது, ஒருவரோடு ஆழ்ந்து பேசுவது அல்ல. உங்களுக்கு எது என்று நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, திரும்பி வரும்போது சொந்தக்காரர் காரில் ஏறுவதில்லை. அங்கேயும் பேச்சு தொடரும். ஜங்ஷன் வரை பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை. மறுநாள் காலை குறுக்குத்துறைப் படித்துறையில் தாமிரபரணியில் காலை நனைத்தபடி அரை மணி நேரம். வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சொல்லாமல் மறைந்தால்தான் கோபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மதினிக்கும் ஒரு காலம் வந்தது. கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டிலில் கிடந்தார். வலியைவிட ஆள் வராததுதான் அவரை வாட்டியது. தினமும் போய் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். அவர் பேசுவார், நான் "உம்" கொட்டுவேன். எங்கள் இருவருக்கும் அது போதுமாக இருந்தது.

அடுத்த மாதம் அண்ணன் மகள் கல்யாணம். மதினி சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நிற்பார். தேங்காய் என் பொறுப்பு என்று இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.