நாலு பேர் பாட்டுக்கு எத்தனை மைக்?

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டு மாடி அறையில் கூடி வாசிப்போம். ஒருவர் பாடுவார், நான் கிதார், இன்னொருவர் கீபோர்டு, பக்கத்து வீட்டு மாமா மிருதங்கம். கச்சேரி செய்யும் எண்ணமெல்லாம் இல்லை. வாசித்ததைத் திரும்பக் கேட்கவும், வெளியூர் நண்பர்களுக்கு அனுப்பவும் ஆசை. மொபைலில் பதிந்தால் மிருதங்கம் மட்டும்தான் கேட்கிறது. கடையில் ஆடியோ இன்டர்ஃபேஸ், கண்டென்சர் மைக், சுவரில் ஒட்டும் ஃபோம் எல்லாம் சேர்த்து வாங்கச் சொல்கிறார்கள். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

கடைக்காரர் தப்பாகச் சொல்லவில்லை. தனி ஆளாக உட்கார்ந்து கிதாரை ஒரு தடவை, பாட்டை ஒரு தடவை என்று அடுக்கடுக்காகப் பதிகிறவருக்கு அந்த செட் சரி. உங்கள் கதை வேறு. இன்டர்ஃபேஸ் என்பது மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி. அந்த விலையில் வருவதில் அதிகம் போனால் இரண்டு மைக் சொருகலாம். நீங்கள் நான்கு பேர். யார் இரண்டு பேரை விடுவீர்கள்?

கண்டென்சர் மைக் பற்றி நானே பட்டிருக்கிறேன். பல வருஷம் முன்னால் ஆசை ஆசையாக ஒன்று வாங்கி, ராத்திரி எட்டு மணிக்கு ஹாலில் வைத்துப் பாடினேன். திரும்பக் கேட்டால் பக்கத்து வீட்டு குக்கர் விசில்! என் குரலைவிடச் சுத்தமாக, எத்தனை விசில் என்று எண்ணும்படி பதிவாகியிருந்தது. நுண்ணிய ஒலியையும் விடாமல் பிடிப்பதுதான் அதன் வேலை. மொட்டைச் சுவரும் டைல்ஸ் தரையுமான அறையில் அந்தக் குணமே வினையாகிவிடும்.

மொபைலில் மிருதங்கம் மட்டும் ஏன் கேட்கிறது? போனின் ரெக்கார்டர் பொதுவாகப் பேச்சுக்கென்று செய்தது. திடீரென்று சத்தம் வந்தால் தானாக ஒலியைக் குறைத்துக்கொள்ளும். மாமா ஒரு தட்டு தட்டியதும் போன் மிரண்டு எல்லாவற்றையும் அமுக்கும், அடுத்த நொடி மெல்ல மேலே தூக்கும். பாடுகிறவர் குரல் கிணற்றுக்குள் போய் வருவது போல் இருப்பது அதனால்தான்.

உங்களுக்கு வேண்டியது கையடக்க ஸ்டீரியோ ரெக்கார்டர் ஒன்று. ஜூம் நிறுவனத்தின் எச்1 எசென்ஷியல், டாஸ்காமின் டிஆர்-05எக்ஸ் போன்றவை. இரண்டில் நான் ஜூமைத்தான் சொல்வேன். தலையில் இரண்டு மைக் 90 டிகிரி கோணத்தில் குறுக்காக இருக்கும். இரண்டு டிரிபிள்-ஏ பேட்டரி போதும், லேப்டாப் தேவையில்லை. முக்கியமாக, அது 32 பிட் ஃப்ளோட் முறையில் பதிகிறது. அதாவது எவ்வளவு சத்தத்தில் பதிய வேண்டும் என்று முன்கூட்டியே லெவல் வைக்கும் தலைவலியே கிடையாது. பாட்டு மெதுவாக ஆரம்பித்துத் தனி ஆவர்த்தனத்தில் அதிர்ந்தாலும் பதிவு உடையாமல், பிறகு ஏற்றி இறக்கிக்கொள்ள இடம் தரும். ஃபைல்தான் கொஞ்சம் பெரிது, ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.3 ஜிபி. 32 ஜிபி மெமரி கார்டு போட்டால் உங்களுக்குப் பல சனிக்கிழமை தாங்கும். மொபைல் டிரைபாடு ஒன்றும் வாங்கிவிடுங்கள். டீப்பாய் மேல் வைத்தால் யார் கால் பட்டாலும் 'டொம்' என்று விழும்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. ஒரே ரெக்கார்டர் என்றால் பிறகு குரலை மட்டும் ஏற்றவோ மிருதங்கத்தை மட்டும் குறைக்கவோ முடியாது. அந்த வேலையை நாற்காலிதான் செய்ய வேண்டும். வட்டமாக உட்காராதீர்கள், குதிரை லாடம் மாதிரி உட்காருங்கள். திறந்த பக்கத்தில் ரெக்கார்டர், பாடுகிறவரின் வாய் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே. பாடுகிறவர் நடுவில், மூன்றடி தூரத்தில். கிதார் ஒரு பக்கம், கீபோர்டு மறுபக்கம், நாலைந்து அடி தள்ளி. மாமா எல்லோருக்கும் பின்னால், ஏழெட்டு அடியில். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள் எதிரொலி கலப்பதால் அவ்வளவு குறையாது, ஆனாலும் காதுக்கு நன்றாகவே தெரியும். கீபோர்டின் வால்யூமைப் பாதிக்கு இறக்குங்கள். இப்படிக் கூடி வாசிக்கும் ஜாம் என்றாலே கீபோர்டுக்காரர் அரை மணிக்கு ஒரு முறை யாருக்கும் தெரியாமல் அதை ஏற்றுவார், ஒரு கண் வையுங்கள்.

உட்கார்ந்ததும் இரண்டு நிமிஷம் வாசித்து, ஒயர் உள்ள ஹெட்போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடப்பக்கத்தில், விழும் கும்கி என்ற அடிநாதம் அதில் கேட்கவே கேட்காது. மிருதங்கம் குறைவு என்று நினைத்து மாமாவை முன்னால் இழுத்துவிடுவீர்கள். எது தூக்கலோ அதை ஒரு அடி பின்னுக்குத் தள்ளி மறுபடி இரண்டு நிமிஷம். மூன்றாவது தடவையில் பிடிபட்டுவிடும். பிடிபட்டதும் நாற்காலிக் கால்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள்.

ஃபோமுக்குச் செலவு செய்யாதீர்கள். மெல்லிசான ஃபோம் கீச்சுச் சத்தத்தைத்தான் உறிஞ்சும், அடித்தொண்டை முழக்கம் அப்படியே இருக்கும். தரையில் கனமான ஜமுக்காளம், பாடுகிறவருக்குப் பின்னால் கொடியில் இரண்டு கம்பளி, துணி அடுக்கிய பீரோ இருந்தால் கதவைத் திறந்து வைப்பது, இவையே பெரிய வித்தியாசம் தரும். ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். தட்டியபின் 'டிங்' என்று ஒரு வால் நீண்டால் இன்னொரு கம்பளி வேண்டும். பதியும்போது ஃபேனை நிறுத்துங்கள். மதுரை வெயிலில் இதைச் சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரு பாட்டுக்கு நிறுத்தி, அடுத்த பாட்டுக்கு முன் ஐந்து நிமிஷம் ஓடவிடுங்கள்.

வெட்டி ஒட்ட, ஒலியைச் சமன் செய்ய ஆடாசிட்டி என்ற கம்ப்யூட்டர் மென்பொருள் போதும், இலவசம். அடுத்த வருஷம் குரலைத் தனியாகப் பதியும் ஆசை வந்தால் இரண்டு இன்புட் இன்டர்ஃபேஸ் வாங்கலாம். அப்போதும் கண்டென்சரை விட்டு டைனமிக் மைக்காக எடுங்கள். 1966-இல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்றும் மேடை மேடையாக ஓடுகிறது. வாய்க்கு அருகில் பிடித்தால் குரலை எடுக்கும், மற்றதைப் பெரும்பாலும் விட்டுவிடும். போலிகள் ஏராளம், பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

அப்புறம், நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஃபைலை எம்பி3 ஆக்கி, டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். ஸ்பீக்கரில் ஓடவிட்டு வாய்ஸ் மெசேஜாக அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாமா மட்டும்தான் போய்ச் சேருவார்.