தினமும் சைக்கிள் பயிற்சி விட்டுப்போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

"ஆரம்பத்தில் ஆசையாக ஓட்டினேன், இப்போது காலையில் எழவே மனம் வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். புதுச்சேரியில் பல வருடமாக ஓட்டுபவன் என்ற முறையில் சொல்கிறேன்: நாளைக் காலை நீங்கள் எழுவீர்களா மாட்டீர்களா என்பதை இன்றைய ஓட்டத்தின் கடைசி அரை மணி நேரம் முடிவு செய்துவிடுகிறது. திணறித் திணறி வீடு வந்து சேர்ந்திருந்தால், அலாரம் அடித்ததும் உடம்புக்கு அதுதான் ஞாபகம் வரும். கடைசிப் பகுதி சுகமாக இருக்கும்படி திட்டமிடுங்கள்.

எங்கள் ஊரில் அதற்கு முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். ஜூன், ஜூலைக் காலைகளில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். அப்போது ஈசிஆரில் வடக்கே மரக்காணம் பக்கம் போனால், போகும்போது சைக்கிள் பறக்கும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சைப் பிடித்துத் தள்ளும், வெயிலும் ஏறியிருக்கும். அதனால் அந்த மாதங்களில் தெற்கே கடலூருக்குத்தான் போவேன். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் தாண்டி, தென்பெண்ணைப் பாலத்தில் ஏறி இறங்கினால் மஞ்சக்குப்பம். தேவனாம்பட்டினம் கடற்கரை வரை போய்த் திரும்பினால் 50 கிலோமீட்டரை ஒட்டி வரும். காலில் தெம்பு இருக்கும்போதே எதிர்க்காற்றை முடித்துவிடலாம். களைத்த பிறகு அதே காற்று முதுகில் கைவைத்து வீடுவரை கொண்டுவந்து விடும். மார்கழி, தையில் வாடை அடிக்கும்போது இதைத் திருப்பிப் போட்டு, காலாப்பட்டு வழியாக வடக்கே போவேன்.

அப்புறம் வேகம். தினமும் மூச்சிரைக்க ஓட்டுகிறவர்கள்தான் சீக்கிரம் நிறுத்திவிடுகிறார்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் பெரும்பாலான நாளுக்குப் போதும். இருதயத்துக்கும் காலுக்கும் அடித்தளம் போடுவதே அந்த வேகம்தான். வாரத்தில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் முடுக்குங்கள். பிஆர்எம் என்று ஒன்று உண்டு: போட்டி இல்லை, குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும் என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டம். அதில் 200 கிலோமீட்டருக்கே 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள். டீ குடிக்க நிற்பதையும் சேர்த்து, மணிக்கு 15 கிலோமீட்டர்கூட வேண்டாம். அப்படி ஒரு ஓட்டத்தை இலக்காக வைத்துக்கொண்டால் ஒவ்வொரு காலைக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

கூட ஓட்ட ஓர் ஆள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. "அண்ணே, பாலத்துகிட்ட நிக்கிறேன்" என்று தம்பி ஒருவர் அனுப்பும் ஒரு வரிக்கு முன்னால் எந்தச் சோம்பலும் நிற்பதில்லை. இருட்டில் நமக்காக ஒருவர் வந்து நிற்கும்போது எப்படிப் படுத்திருப்பது?

சைக்கிளையும் கவனியுங்கள். உப்புக்காற்று செயினை விட்டுவைக்காது. துடைக்காமல் விட்டால் சீக்கிரமே செம்பழுப்பாகத் துரு தெரியும். முந்தின இரவே பழைய வேட்டித்துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, கறுப்பு மை வராதவரை துடைத்து, இணைப்புக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தை வழித்துவிடுவேன். டயருக்குக் காற்று, பாட்டிலில் தண்ணீர், விளக்குக்கு சார்ஜ் எல்லாமே இரவு வேலை. காலையில் தேட எதுவும் இருக்கக் கூடாது.

மழைக்காலத்தில் விட்டுப்போகத்தான் செய்யும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து ஊரே தண்ணீரில் நின்றபோது யார் சைக்கிளை எடுப்பார்கள்? அதற்காக மனம் தளர வேண்டாம். இரண்டு வாரம் ஓட்டாமல் இருந்தால் ரத்தத்தின் நீர் அளவு கொஞ்சம் குறைந்து, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். மறுபடி ஓட்டத் தொடங்கினால் அது சீக்கிரமே சரியாகிவிடும். திரும்பி வரும் முதல் வாரம் மட்டும் நெடுஞ்சாலை வேண்டாம். புதுச்சேரியில் கடற்கரைச் சாலையை மாலையிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்கு மூடிவிடுவார்கள். விடியற்காலையில் போய், நடப்பவர்களுக்கு வழிவிட்டு மெதுவாகச் சில சுற்று ஓட்டுங்கள். கால் இன்னும் கேட்கும்போதே வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.