ரன்வே வடிவமைப்பு வேலை: எந்தப் படிப்பில் சேர்ப்பது?

பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் மகள் ரன்வே வடிவமைக்க வேண்டும் என்கிறாள், அப்படி ஒரு வேலை உண்டா, விமான நிலைய மேலாண்மைப் படிப்பில் சேர்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை உண்டு. ஆனால் அந்தப் படிப்பு அங்கே கொண்டுபோய் விடாது. மேலாண்மை படித்தவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் டெர்மினல், பயணிகள் சேவை, தரையில் நிற்கும் விமானத்துக்குச் சரக்கேற்றி இறக்கும் கிரவுண்ட் ஹேண்ட்லிங் வேலைகள். ரன்வே என்பது சிவில் இன்ஜினியரின் வேலை. விளக்குகளும் கேபிளும்தான் பிடிக்கும் என்றால் எலக்ட்ரிக்கல். பெயரில் ‘ஏவியேஷன்’ இருக்கிறதே என்று மயங்கி, பட்டப்படிப்பிலேயே வாசலைக் குறுக்கிக்கொள்ள வேண்டாம். சிவில் படித்தால், விமான நிலைய வேலை தள்ளிப்போனாலும் சாலை, ரயில், துறைமுகம் என்று வேறு வாசல்கள் இருக்கும்.

இந்த வேலையின் அடிப்படை நூல், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் 14ஆம் இணைப்பு, முதல் தொகுதி. ஒவ்வொரு நாடும் இதை ஒட்டித் தன் விதிகளை எழுதிக்கொள்கிறது. அதில் முதலில் வருவது குறியீடு: ஓர் எண், ஓர் எழுத்து. விமானத்துக்குத் தேவையான அடிப்படை நீளம் 800 மீட்டருக்குள் என்றால் 1, 1200க்குள் 2, 1800க்குள் 3, 1800ம் அதற்கு மேலும் 4. எழுத்து இறக்கை அகலத்தைப் பொறுத்தது. 24 மீட்டரிலிருந்து 36க்குள் சி. 52லிருந்து 65க்குள் இ. 65லிருந்து 80க்குள் எஃப். மாணவர்கள் வழுக்கும் முதல் இடம் இது. தரையில் போட்டிருக்கும் ரன்வேயின் நீளத்தைப் பார்த்து எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். அந்த எண் விமானத்திலிருந்து வருவது, ரன்வேயிலிருந்து அல்ல.

மகளுக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று தெரிய, கீழே உள்ள கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். கடல் மட்டம், நிலையான வளிமண்டலம் (கணக்குக்கான மாதிரி வளிமண்டலம்), காற்றில்லை, சரிவில்லை என்ற நிலையில் ஒரு விமானம் மேலெழ 2000 மீட்டர் வேண்டும். இதுதான் மேலே சொன்ன அடிப்படை நீளம். நிலையம் இருப்பது 300 மீட்டர் உயரத்தில். அங்கே மிக வெப்பமான மாதத்தின் தினசரி உச்ச வெப்பநிலைகளின் சராசரி 33 டிகிரி. ரன்வேயின் சரிவு 0.5 சதவீதம்.

உயரத்துக்கு, ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 7 சதவீதம் கூட்ட வேண்டும்: 2140 மீட்டர். அடுத்தது வெப்பம், டிகிரிக்கு 1 சதவீதம். 33லிருந்து 15ஐக் கழித்துவிட்டால் தவறு. 15 டிகிரி கடல் மட்டத்துக்கு உரியது. ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் குறையும் என்பதால் 300 மீட்டரில் நிலையான வெப்பநிலை சுமார் 13. வித்தியாசம் 20 டிகிரி, ஆக 2568 மீட்டர். சரிவு ஒவ்வொரு சதவீதத்துக்கும் 10 சதவீதம் கேட்கும். இங்கே அது 5. கடைசியில் 2696 மீட்டர். மூன்று சதவீதங்களையும் மொத்தமாகக் கூட்டி 32 என்று போட்டால் 2640தான் வரும். 56 மீட்டர் காணாமல் போயிருக்கும். இதே நிலையம் 600 மீட்டர் உயரத்தில் இருந்தால் உயரமும் வெப்பமும் சேர்ந்து 39 சதவீதத்தைத் தொட்டுவிடும். 35ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரமே செல்லாது, தனி ஆய்வு செய்ய வேண்டும். சூத்திரம் எங்கே நின்றுவிடுகிறது என்று தேடிப் பார்க்கும் குணம் மகளுக்கு இருந்தால், இந்தத் துறைக்கு அவள் சரியான ஆள்.

நீளத்தைப் போலவே திசைக்கும் கணக்கு உண்டு. குறைந்தது ஐந்தாண்டு காற்றுத் தரவை எடுத்து, 95 சதவீத நேரமாவது பக்கக்காற்று வரம்புக்குள் நிற்கும்படி திசையைத் தேர்ந்தெடுப்பார்கள். பெரிய விமானங்களுக்கு அந்த வரம்பு மணிக்கு 37 கி.மீ.

வடிவமைத்துக் கட்டிய பிறகு பயன்பாட்டு விதிகள் வருகின்றன. குழப்பம் அதிகம் இங்கேதான். ஒவ்வொரு திசைக்கும் நான்கு தூரங்கள் அறிவிக்கப்படும். 2500 மீட்டர் ரன்வே ஒன்றில், விமானம் இறங்கும் முனையின் த்ரெஷோல்டு, அதாவது தரையிறங்கும் பகுதி தொடங்கும் இடம், 300 மீட்டர் உள்ளே தள்ளியிருக்கிறது. எதிர்முனையில், டேக் ஆஃபைக் கைவிட்டால் நிறுத்த உதவும் 60 மீட்டர் ஸ்டாப்வேயும், அதையும் சேர்த்து, மேலேறத் தடையில்லாத 200 மீட்டர் கிளியர்வேயும் இருக்கின்றன என்று வையுங்கள். அந்தத் திசையில் டேக் ஆஃப் ஓட்டத்துக்கு 2500, டேக் ஆஃபுக்கு 2700, வேகமெடுத்து நிறுத்த 2560, தரையிறங்க 2200. த்ரெஷோல்டு தள்ளியிருப்பதால் அடிபடுவது தரையிறங்கும் தூரம் மட்டுமே. நான்கிலிருந்தும் 300ஐக் கழிப்பவர்கள் பட்டதாரிகளிலும் உண்டு.

ரன்வே முடிந்தவுடன் பொறுப்பும் முடிந்துவிடுவதில்லை. முனைக்கு அப்பால் ஸ்டிரிப் எனப்படும் 60 மீட்டர் பாதுகாப்பு நிலம், அதன் பிறகு ரெசா எனப்படும் முனைப் பாதுகாப்புப் பகுதி. கட்டாய அளவு 90 மீட்டர். 3, 4 குறியீடுகளுக்குப் பரிந்துரை 240. இடமில்லாவிட்டால், சக்கரம் புதைந்து வேகம் அடங்கும்படி நொறுங்கும் தளம் போடலாம். அந்தப் பகுதியில் இருந்தே ஆக வேண்டிய கருவிகளின் தாங்கிகள் மோதினால் உடையும்படி இருக்க வேண்டும். 2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவான் நிலையத்தில் சக்கரம் இறங்காமல் தரையைத் தொட்ட விமானம், ரன்வேயைத் தாண்டிப் போய் இறங்கும் விமானத்துக்கு ரன்வேயின் மையக்கோட்டைக் காட்டும் லோக்கலைசர் ஆண்டெனா நின்ற கான்கிரீட் மேட்டில் மோதியது. 179 பேர் இறந்தார்கள். வரைபடத்தில் ஒரு சின்னக் கட்டமாகத் தெரியும் பொருளைக்கூட எதனால் கட்டுகிறோம் என்று கேட்பது வடிவமைப்பாளரின் வேலை.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். புது ரன்வேக்கள் எப்போதாவதுதான் போடப்படும். இருப்பதைப் புதுப்பிக்கும் வேலைதான் அதிகம். அதுவும் இரவில், சில மணி நேர மூடலுக்குள். 5 செ.மீ. தார் அடுக்கு போட்டால், விடிவதற்குள் பழைய தளத்துக்கும் புதிய தளத்துக்கும் இடையே 0.5 முதல் 1 சதவீதச் சரிவில் தற்காலிகச் சாய்தளம் அமைத்தாக வேண்டும். அதாவது 5 முதல் 10 மீட்டர் நீளம். பிறகு மையக்கோட்டை வரைந்து, கல்லும் ஆணியும் கிடக்கிறதா என்று தேடிப் பார்த்த பின்தான் திறப்பார்கள். களத்துக்குப் போகும் பணியில் சேர்ந்தால் இரவு வேலை உண்டு. வீட்டில் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். வடிவமைப்பு அலுவலகம், சுற்றுக் கட்டடங்கள் விமானத்துக்குத் தடையாகுமா என்று பார்க்கும் தடை உயர ஆய்வு, ஒழுங்குமுறை ஆணையம் ஆகியவற்றில் பெரும்பாலும் பகல் வேலைதான்.

கல்லூரியில் மண்ணியல், நில அளவை, தளப் பொறியியல், வடிகால் ஆகிய நான்கையும் உறுதியாகப் படிக்கட்டும். வடிகாலை யாரும் மதிப்பதில்லை. ஆனால் ரன்வே குறுக்குச் சரிவு 1 சதவீதத்துக்குக் கீழே போனால் தண்ணீர் தேங்கும். 3 மில்லிமீட்டருக்கு மேல் நின்றால், ரன்வே எவ்வளவு வழுக்கும் என்று விமானிக்குச் சொல்லும் ரன்வே நிலைக் குறியீடு 5லிருந்து 2க்கு இறங்கிவிடும். 2021 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ள முறை இது. தளவலிமைக்கு, அதாவது விமானம் தரும் சுமையைத் தளம் தாங்குமா என்று ஒப்பிடுவதற்கு, ஏ.சி.என்.-பி.சி.என். என்ற முறையைச் சொல்லும் பழைய பாடநூல்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். 2024 நவம்பரிலிருந்து ஏ.சி.ஆர்.-பி.சி.ஆர். முறைதான். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் தள வடிவமைப்பு மென்பொருளான ஃபார்ஃபீல்டும் சுற்றறிக்கைகளும் இலவசம். தாராளமாகப் பயிலலாம், ஆனால் அவர்களின் விமான வகைப்பாடும் பாதுகாப்புப் பகுதி அளவுகளும் வேறு. ஒரே திட்டத்தில் இரண்டையும் கலக்கக் கூடாது.

விண்ணப்பம் போடும் முன் ஒரு நாடு தன் விமான நிலைய விவரங்களை அறிவிக்கும் வான்வழித் தகவல் வெளியீட்டைத் (ஏ.ஐ.பி.) திறந்து, ஏதாவது ஒரு நிலையத்தின் 2.12, 2.13 பகுதிகளை மகளிடம் காட்டுங்கள். ரன்வே அளவும் நான்கு தூரங்களும் அங்கே இருக்கும். அடுத்து அதே ரன்வேயைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து, முனையில் உள்ள வெள்ளைப் பட்டைகளை எண்ணச் சொல்லுங்கள்: 12 பட்டை என்றால் அகலம் 45 மீட்டர், 8 என்றால் 30. எண்ணிக்கை அட்டவணையோடு பொருந்தாமல் போய், ஏன் என்று அவளே தேட ஆரம்பித்தால் சிவிலில் சேருங்கள். அலுத்துப்போய் மூடிவிட்டு, விமானம் இறங்கும் வீடியோவுக்குத் தாவினால் விமானி அல்லது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு பற்றித் தனியே பேசுவோம்.