கறளை விடுங்கள், இடைவெளியைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, நாலு வருடத்துக்கு முன் பிள்ளைகளுக்காகப் பின்வளவில் 12 அடி ட்ரம்போலின் ஒன்று பூட்டினோம். இந்த முறை பனி கரைந்த பிறகு பார்த்தால் ஸ்பிரிங்கெல்லாம் கறள். பாய் ஒரு பக்கம் மட்டும் தொய்ந்து கிடக்கிறது, சின்னவள் எங்கே துள்ளினாலும் அந்தப் பக்கம் போய்த்தான் விழுகிறாள். எண்ணெய் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கணவர். எல்லா ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டுமா?
— ஒரு வாசகி, பிரம்டன், கனடா

பதில்: முதல் வேலையாக எண்ணெய்ப் போத்தலைக் கணவரிடமிருந்து வாங்கி உள்ளே வையுங்கள். தொய்ந்த ஸ்பிரிங்கை எந்த எண்ணெயும் இறுக்காது.

எல்லாரும் கறளைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். நான் கறளை இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். தொய்ந்த பக்கத்தில் ஒரு ஸ்பிரிங், இறுக்கமான பக்கத்தில் ஒரு ஸ்பிரிங் என்று இரண்டைக் கழற்றி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நல்ல ஸ்பிரிங் சும்மா கிடக்கும்போது அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், ஒரு கடதாசியைக்கூட நடுவில் விட முடியாது, ஏனென்றால் சுற்றும்போதே ஒன்றையொன்று நெருக்கும்படிதான் அதைச் சுற்றியிருப்பார்கள். தன் எல்லையைத் தாண்டி ஒரு தடவை இழுபட்டால் போதும், அந்த நெருக்கம் திரும்பி வராது. சுற்றுகளுக்கு நடுவில் நகம் போகிறதா? அப்படியானால் அதன் கதை முடிந்தது, வெளியில் பளபளவென்று இருந்தாலும் சரி.

கறளில் இரண்டு வகை. மேலாக மஞ்சள் பூத்தது போல் இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஈரமில்லாமல் துடைத்துவிட்டு மறுபடி போடலாம். செதில் செதிலாக உதிர்ந்து அடியில் குழி விழுந்திருந்தால் எறியுங்கள். முக்கியமாகக் கொக்கி வளைகிற கழுத்தைப் பாருங்கள், ஸ்பிரிங் உடைவதென்றால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

ஸ்பிரிங்கைக் கழற்றும்போதே சட்டத்தில் உள்ள ஓட்டையையும் பாயில் தைத்திருக்கிற முக்கோண வளையத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஓட்டை நீண்டு கிழிந்திருந்தாலோ, வளையத்தைப் பிடித்திருக்கும் தையல் வெயிலில் இற்றுப்போயிருந்தாலோ புது ஸ்பிரிங்குக்குச் செலவழிப்பது வீண் காசு.

எத்தனை மாற்றுவது? நாலைந்துதான் பழுது, மற்றதெல்லாம் ஒட்டிய சுற்றோடு இருக்கிறது என்றால் அந்த நாலைந்தை மட்டும் மாற்றுங்கள். ஒரு பக்கம் முழுக்கத் தொய்ந்திருந்தால் மொத்தத்தையும் மாற்றிவிடுவதுதான் நல்லது என்பது என் எண்ணம். அரைவாசி புதிது அரைவாசி பழையது என்று போட்டால் பாய் இன்னொரு பக்கம் இழுக்கும், சின்னவள் விழுகிற இடம் மாறுமே தவிர விழுவது மாறாது.

வாங்கும்போதுதான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள். ட்ரம்போலினில் பூட்டியிருக்கும்போது அளக்கக் கூடாது, அப்போது அது இழுபட்டு நிற்கிறது. இருப்பதிலேயே நல்ல ஸ்பிரிங் ஒன்றைக் கழற்றி, ஒரு கொக்கியின் வெளிவிளிம்பிலிருந்து மற்றக் கொக்கியின் வெளிவிளிம்பு வரை அளவுங்கள். ஐந்தரை, ஆறரை, ஏழு, எட்டரை அங்குலம் என்று பல நீளத்தில் வருகிறது, அரை அங்குலம் பிசகினாலே வித்தியாசம் தெரியும். 12 அடிக்கு 72 என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் 60 உள்ளதும் உண்டு, அதனால் உங்களுடையதை எண்ணிவிட்டே வாங்குங்கள்.

கையுறை போடாமல் தொடாதீர்கள். சுற்றுக்கு நடுவில் விரல் தோல் ஒரு முறை அகப்பட்டால் அதற்குப் பிறகு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, T வடிவப் பிடியுள்ள கொக்கிக் கம்பி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், புது ஸ்பிரிங்குகளோடு பெரும்பாலும் அதுவும் வரும். முதலில் பாயின் வளையத்தில் கொழுவி, பிறகு வெளிப்பக்கக் கொக்கியை இழுத்துச் சட்டத்தின் ஓட்டைக்குள் இறக்குங்கள், முனை கீழ்நோக்கி இருக்கட்டும். ஒன்றைக் கழற்றினால் அதே இடத்தில் புதியதைப் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். பாயையே கழற்றியிருந்தால் மணிக்கூட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: 12, 6, 3, 9, அப்புறம் அவற்றுக்கு நடுவில், அப்புறம் அதற்கும் நடுவில். நான் முதல் தடவை ஒரு மூலையில் தொடங்கி வரிசையாகவே போட்டுக்கொண்டு போனேன், கடைசிப் பத்து ஸ்பிரிங்கும் ஓட்டைக்கு எட்டாமல் தொங்கின, மனைவி யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து போட்டேன்.

இன்னொன்று. கனடியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் வீட்டு ட்ரம்போலினே வேண்டாம் என்கிறது. அது உங்கள் வீட்டில் ஏற்கெனவே நிற்கிறது, ஆகவே இதையாவது கேளுங்கள்: ட்ரம்போலின் காயங்களில் ஏறக்குறைய முக்கால்வாசி, ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் துள்ளும்போது நடப்பவை என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். ஒருவர் இறங்கிய பிறகு மற்றவர் ஏறட்டும். ஸ்பிரிங்கை மூடுகிற மெத்தை கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

கேள்வி: எங்களுடையது தொய்யவில்லை, ஆனால் ஒவ்வொரு துள்ளலுக்கும் கீச் கீச் என்று கத்துகிறது. பக்கத்து வீட்டுக்காரர் முறைக்கிறார்.
— ஏஜாக்ஸ் வாசகர்

பதில்: கொக்கி சட்டத்து ஓட்டையில் உரசுகிற சத்தம் அது. அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் சிலிக்கன் ஸ்பிரே அடியுங்கள். எண்ணெய் என்றால் பாயில் வடியும், தூசி ஒட்டும், பிள்ளைகளின் சொக்ஸ் கறுக்கும், அதைத் தோய்க்கப் போவது யார் என்று யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: குளிர்காலத்தில் அப்படியே விடலாமா?
— அதே வாசகர்

பதில்: விடலாம், அடுத்த வருடம் முதல் கேள்வி கேட்டவர்போல் எனக்கு எழுதுவதென்றால். ஈரப் பனி பாயில் கிடந்து மாதக்கணக்கில் ஸ்பிரிங்கை இழுத்துக்கொண்டேயிருக்கும். ஒக்டோபர் கடைசியில் வலை, மெத்தை, பாய், ஸ்பிரிங் எல்லாவற்றையும் கழற்றி, காய்ந்த பிறகு ஸ்பிரிங்கை ஒரு வாளியில் போட்டுக் கராஜில் வையுங்கள். சட்டம் மட்டும் வெளியில் நிற்கட்டும். வாளியில் போடும்போது எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அது புல்லுக்குள் கிடக்கிறது, காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி இழுத்துத் தேடி எடுக்கும்வரை புல் வெட்டும் மெஷினை அந்தப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.