ராக்கெட், சேட்டிலைட், காவலூர்: நம்ம வேலூர்க்காரங்க கேட்டதும் நான் சொன்னதும்

காட்பாடி தம்பி: அண்ணா, நேத்து சாயங்காலம் மாடில துணி எடுக்கும்போது ஒரு வெளிச்சம், மினுக்காம நேரா போயி நடு வானத்துலயே பட்டுனு காணோம். என்னாது அது?

மினுக்கலன்னா ஃப்ளைட் இல்ல. அவ்ளோ பளிச்சுனு இருந்தா அனேகமா ஐஎஸ்எஸ், அதாவது சர்வதேச விண்வெளி நிலையம், சுமார் 400 கிலோமீட்டர் மேல 90 நிமிஷத்துக்கு ஒரு ரவுண்டு வருது. அதுல லைட்டெல்லாம் போடல, நமக்கு இருட்டிட்டாலும் அவ்ளோ உயரத்துல இன்னும் வெயில் அடிக்குது, பூமி நிழலுக்குள்ள நுழைஞ்சதும் ஆஃப். வரிசையா பத்து இருபது போச்சுன்னா ஸ்டார்லிங்க், இன்டர்நெட் தர்ற சேட்டிலைட் கூட்டம். ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் பாக்கணும்னா வடகிழக்கு பக்கம் பாரு, இங்கிருந்து 150 கிலோமீட்டர் தான், ராத்திரி லாஞ்ச்னா வானம் தெளிவா இருந்தா தெரியும்.

குடியாத்தம் சிஸ்டர்: ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது தூத்துக்குடி பக்கம் குலசேகரப்பட்டினத்துல இன்னொரு ராக்கெட் ஏவுதளம் எதுக்கு சார், எல்லாம் அரசியல் தானே?

அரசியல் எதுல தான் இல்ல, ஆனா மேப்ப எடுத்துப் பாருங்க. வட, தென் துருவம் மேல சுத்துற துருவப் பாதைக்கு ராக்கெட் தெக்க போகணும், ஸ்ரீஹரிகோட்டால இருந்து நேரா விட்டா இலங்கை மேல போகும், கழட்டி விடுற ஸ்டேஜ் யார் தலைல விழறது? அதனால முதல்ல தென்கிழக்கா போயி அப்புறம் வளைச்சு திருப்புறாங்க, அந்த திருப்பத்துக்கே எரிபொருள் செலவாகுது. இஸ்ரோவோட பெரிய ராக்கெட் பிஎஸ்எல்வி தாங்கிக்கும். எஸ்எஸ்எல்வி சின்னது, மொத்தமே 500 கிலோ தான் தூக்கும், அதுக்கு இந்த நஷ்டம் கட்டாது. குலசைல இருந்து தெக்க முழுக்க கடல். 2024 பிப்ரவரில அடிக்கல் நாட்டினாங்க.

ராணிப்பேட்டை, ஃபேப்ரிகேஷன்ல வெல்டர்: த்ரீ டி பிரிண்ட்ல எஞ்சின் பண்றாங்களாமே, ஜாயிண்டே இல்லாம எப்படிண்ணா நிக்கும்?

நல்ல கேள்வி, ஜாயிண்ட் இல்லாதது தான் அதோட பலமே. எஞ்சினுக்குள்ள எரியுற கேஸ் 3000 டிகிரி பக்கம் போகும், சுவர் இன்கோனல்னு ஒரு நிக்கல் கலவை மாதிரி உலோகம், அது 1300 டிகிரிலயே உருகிடும். அப்போ எப்படி உருகாம இருக்கு? சுவருக்குள்ளயே பொடி பொடியா வழி விட்டு எரிபொருள அதுல ஓட விடுவாங்க, சூட்ட உறிஞ்சிட்டுப் போயி அப்புறம் தான் எரியும், வண்டி ரேடியேட்டர்ல பெட்ரோல ஊத்தின கதை. பழைய முறைல அந்த வழிகள தனித்தனியா செஞ்சு பிரேசிங், வெல்டிங் பண்ணி ஒவ்வொண்ணா சோதிக்கணும், நாள் கணக்கு இல்ல மாசக் கணக்கு. இப்போ உலோகப் பவுடர லேசர்ல அடுக்கடுக்கா உருக்கி வழியோட சேத்தே ஒரே பீஸா எடுக்கறாங்க. சென்னை ஐஐடில முளைச்ச அக்னிகுல் கம்பெனி அப்படி ஒரு எஞ்சின வச்சு 2024 மே 30 ஸ்ரீஹரிகோட்டால சோதனை ராக்கெட்டே விட்டுட்டாங்க. உங்க வேலைக்கு ஆபத்தான்னு உள்ளுக்குள்ள ஓடுது இல்ல? டேங்க்கெல்லாம் இன்னும் வெல்டிங் தான், அலுமினியத்த உருக்காம உரசியே ஒட்டுற ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங்னு ஒண்ணு இருக்கு, முடிஞ்சா கத்துக்கோங்க.

வாணியம்பாடி பாய்: ரெண்டு சேட்டிலைட்ட ஒட்ட வச்சதுக்கு இவ்ளோ பில்டப்பா?

இஸ்ரோவோட ஸ்பேடெக்ஸ் சோதனை தானே பாய். ரெண்டும் செகண்டுக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்துல பறக்குது, ஆனா ஒட்டும்போது ஒண்ணுக்கொண்ணு செகண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுல தான் நெருங்கணும். 2025 ஜனவரி 16 நடந்துச்சு. சந்திரயான்-4 நிலா மண்ண எடுத்துட்டு வரணும், ஒரே ராக்கெட்ல மொத்தத்தையும் ஏத்த முடியாது, ரெண்டு தடவையா அனுப்பி மேல ஜாயின் பண்ணி ஆகணும். பில்டப் தகும்.

திருப்பத்தூர் டீச்சர்: ப்ளஸ் டூ பசங்கள காவலூர் வானாய்வகத்துக்கு கூட்டிட்டு போகலாமா? பழைய டெலஸ்கோப் தானேன்னு சலிச்சுக்கறாங்க.

கூட்டிட்டு போங்க டீச்சர். 1986ல வந்த 2.34 மீட்டர் கண்ணாடி, அது மேல இருக்கற அலுமினியப் பூச்சு தலைமுடி தடிமன்ல சுமார் ஆயிரத்துல ஒரு பங்கு தான், மங்கினா கழுவி எடுத்துட்டு வெற்றிட அறைல வச்சு புதுசா பூசறாங்க. ராமானுஜன் பேர்ல ஒரு சிறுகோள் இருக்கே, 1988ல இங்க தான் கண்டுபிடிச்சாங்க. ஆதித்யா எல்1 விண்கலத்துல சூரியனப் பாக்குற முக்கியமான கருவிய செஞ்சதும் காவலூர நடத்துற அதே இந்திய வானியற்பியல் நிறுவனம் தான், இத சொன்னா சலிச்சுக்க மாட்டாங்க. பொதுமக்கள விடுற நாள் போன்ல கேட்டுட்டு கிளம்புங்க, மழை மாசம் வேணாம், ஜனவரில இருந்து ஏப்ரலுக்குள்ள போங்க. மேல குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்க சொல்லுங்க, டெலஸ்கோப் பக்கம் செல்போன் டார்ச் அடிக்கக் கூடாதுன்னு பஸ்லயே கண்டிச்சு சொல்லிடுங்க.